மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்தால் இதயம் ஏன் துவண்டுபோகிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். 54 வயதான உங்கள் அம்மா காலையில் திடீரென்று தலையைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்ததும் ஹார்ட் அட்டாக் என்றார்கள். பிறகு தலைக்கு சிடி எடுத்தால் மூளையைச் சுற்றி ரத்தம். எக்கோவில் இதயத்தின் பம்பிங் 30 சதவீதம். ஆனால் இதய ஆஞ்சியோவில் ஓர் அடைப்புகூட இல்லை. மூளை ரத்தக்குழாயில் காயில் என்ற மெல்லிய உலோகக் கம்பிச்சுருளை வைத்து அடைத்தார்கள். இரண்டு வாரம் கழித்து எடுத்த எக்கோவில் பம்பிங் 55. “ஒரு டாக்டர் அட்டாக் என்கிறார், இன்னொருவர் இதயத்தில் ஒன்றுமே இல்லை என்கிறார். யாரை நம்புவது? இது மறுபடி வருமா?” என்று கேட்கிறீர்கள்.

நரம்பியல் ஐசியூவில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டு பேர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. உங்கள் அம்மாவின் இதயம் நிஜமாகவே அடிபட்டது. அது வெறும் ஈசிஜி கோளாறு இல்லை. ஆனால் அந்த அடி இதய ரத்தக்குழாய் அடைப்பால் வரவில்லை, மூளையிலிருந்து நரம்பு வழியாக வந்தது. அதனால்தான் ஆஞ்சியோ சுத்தமாக இருந்தது. இரண்டு வாரத்தில் இதயம் எழுந்து உட்கார்ந்ததும் அதனால்தான்.

இது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். இதைப் புரிந்துகொள்ளாததால் ஆபத்தான தவறுகள் நடக்கின்றன.

மூளைக்கு மூன்று உறைகள். வெளியே தடித்த ஒன்று, நடுவில் மெல்லிய அரக்னாய்டு, உள்ளே மூளையோடு ஒட்டிய ஒன்று. அரக்னாய்டுக்கும் உள்ளுறைக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் மூளைத் தண்டுவட நீர் ஓடுகிறது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனிகளும் அந்த நீருக்குள்ளேதான், மூளையின் அடிப்பகுதியில், ஒரு வளையமாக அமைந்திருக்கின்றன. அந்தக் குழாய்கள் கிளை பிரியும் இடங்களில் சிலருக்குச் சுவர் பலவீனமாகி மொட்டுபோலப் புடைத்துக்கொள்ளும். இதை அன்யூரிசம் என்கிறார்கள். பெரியவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பேருக்கு இது இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு ஆயுள் முழுக்க வெடிப்பதில்லை. வெடித்துவிட்டால், தமனியின் முழு அழுத்தத்தோடு ரத்தம் அந்த இடைவெளியில் பாய்கிறது. அடிபடாமல் தானாக வரும் இந்த வகை ரத்தக்கசிவுகளில் சுமார் 85 சதவீதத்துக்குக் காரணம் வெடித்த அன்யூரிசம்தான்.

மண்டையோடு விரிந்து கொடுக்காது. படுத்திருக்கும் ஒரு பெரியவரின் மண்டைக்குள் அழுத்தம் சாதாரணமாக 15 மில்லிமீட்டர் பாதரசத்துக்குள் இருக்கும். அன்யூரிசம் வெடிக்கும் அந்த நிமிடத்தில் அது சட்டென்று ஏறி ரத்த அழுத்தத்தையே எட்டிப்பிடிக்கும். அப்போது மூளைக்குள் ரத்தம் போவது கிட்டத்தட்ட நின்றுவிடும். உங்கள் அம்மா விழுந்தது அந்த நிமிடத்தில்தான். ஒரு வகையில் அந்த அழுத்தமே கசிவையும் நிறுத்துகிறது. நிறுத்தாவிட்டால் ஆள் அங்கேயே முடிந்துவிடுவார். ஆஸ்பத்திரிக்கு வந்துசேரும் முன்பே இறந்துவிடுபவர்கள் பத்தில் ஒருவருக்கும் மேல். அவர்களில் ஒரு பகுதியினருக்கு இதயத்தின் ஓட்டமே அப்போது நின்றுபோயிருக்கும்.

ரத்தம் வராமல் மூளைத்தண்டு தவிக்கும்போது, இருக்கிற ஒரே வழியைப் பயன்படுத்துகிறது: உடம்பு முழுவதும் ரத்த அழுத்தத்தை ஏற்றி, எப்படியாவது மேலே ரத்தத்தைத் தள்ளப் பார்க்கிறது. அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1901-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர ஆய்வகத்தில் இதைச் செய்து பார்த்தார். விலங்குகளின் மண்டைக்குள் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால், அதைத் தாண்டும் அளவுக்கு அவற்றின் பிபியும் ஏறிக்கொண்டே போனது. இன்றும் ஐசியூவில் பிபி எகிறி, நாடித்துடிப்பு குறைந்து, மூச்சு தாறுமாறானால், மண்டைக்குள் அழுத்தம் ஏறுகிறது என்று நாங்கள் ஓடுவது அவர் விவரித்த அந்த அடையாளத்தை வைத்துத்தான்.

பிபியை ஏற்றச் சொல்லும் உத்தரவு சிம்பதெடிக் நரம்புகள் வழியாகப் போகிறது. பயந்தால் இதயம் படபடக்க வைப்பதும் இவைதான். இந்த நரம்புகளை ஆளும் இடங்களில் முக்கியமானது ஹைப்போதலாமஸ். அது உட்கார்ந்திருப்பது எங்கே தெரியுமா? அன்யூரிசங்கள் அதிகம் தோன்றும் அந்தத் தமனி வளையத்துக்கு நேர் மேலே. ரத்தம் கொட்டும்போது முதலில் நனைவதும் நசுங்குவதும் அந்தப் பகுதிதான். பக்கவாட்டில் மடிப்புக்குள் மறைந்திருக்கும் இன்சுலா என்ற பகுதிக்கும் இதில் பங்கு உண்டு. வலிப்பு நோய்க்கான அறுவையின்போது விழித்திருந்த நோயாளிகளின் இன்சுலாவைத் தூண்டிப் பார்த்து, இதயத்துடிப்பும் பிபியும் மாறுவதை 1992-ல் ஓப்பன்ஹைமர் குழுவினர் காட்டினார்கள்.

சரி, நரம்பு தூண்டப்பட்டால் இதயம் வேகமாகத் துடிக்கும், அவ்வளவுதானே, ஏன் காயமாகிறது? இங்கேதான் விஷயத்தின் மையம் இருக்கிறது.

சிம்பதெடிக் நரம்புகளின் முனைகள் இதயத் தசைக்குள்ளேயே பரவிக்கிடக்கின்றன. அவை நார்அட்ரினலின் என்ற தூண்டும் வேதிப்பொருளை நேராகத் தசைச் செல்லின் மேலேயே விடுகின்றன. சாதாரணமாக அது துளித்துளியாக வருவதுதான். அன்யூரிசம் வெடித்த நேரத்தில் மொத்தமாகக் கொட்டுகிறது. இதோடு அட்ரினல் சுரப்பி ரத்தத்தில் விடும் அட்ரினலினும் சேர்ந்துகொள்கிறது. இந்தப் பொருள்கள் செல்லின் மேலுள்ள ஏற்பியில் ஒட்டியதும் தசைச் செல்லுக்குள் கால்சியம் நுழையும். கால்சியம் வந்தால் தசை சுருங்கும், கால்சியம் வெளியேறினால் தளரும். உள்ளே வெள்ளமாக வந்து வெளியேற முடியாமல் போனால், செல் சுருங்கிய நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். ராத்திரியில் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டு விட மறுக்குமே, ஏறக்குறைய அதுபோல, ஆனால் இதயத்தின் ஆயிரக்கணக்கான நுண் இழைகளில்.

பெரும்பாலான செல்கள் சில நாட்களில் இந்தப் பிடியிலிருந்து மீண்டுவிடும். உயிரோடுதான் இருக்கும், வேலை செய்யாது. திகைத்துப்போய் நிற்கும் தசை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறு பகுதி செல்கள் மட்டும் சாகும். அவை சாகும் விதமே வேறு. ரத்தக்குழாய் அடைபட்டு ஹார்ட் அட்டாக் வந்தால் தசைச் செல் பட்டினியால், தளர்ந்த நிலையில் சாகிறது. அந்தக் குழாய் பாயும் பகுதி மொத்தமாகப் போய்விடுகிறது. மூளை ரத்தக்கசிவில் செல் முறுக்கிய நிலையில் சாகிறது, நுண்ணோக்கியில் குறுக்குப் பட்டைகள் தெரியும், அதுவும் நரம்பு முனைகளுக்குப் பக்கத்தில் திட்டுத்திட்டாக. உடற்கூறு ஆய்வில் இந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் இது அடைப்பு நோய் இல்லை என்பது உறுதியானது.

இன்னும் ஓர் ஆதாரம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1978-ல் பிரிட்டனில் ஒரு சோதனை நடந்தது. இதே ரத்தக்கசிவு வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு ப்ரோப்ரனலாலும் ஃபென்டோலமைனும், அதாவது இந்த நரம்புப் பொருளின் வேலையைத் தடுக்கும் மருந்துகள், கொடுக்கப்பட்டன. இறந்துபோனவர்களின் இதயங்களைப் பரிசோதித்தபோது, மருந்து பெறாதவர்களிடம் இருந்த தசைக் காயங்கள் மருந்து பெற்றவர்களிடம் இல்லை. விலங்குச் சோதனைகளிலும் இதயத்துக்குப் போகும் நரம்புப் பாதையை முன்கூட்டியே துண்டித்தால் பாதிப்பு குறைகிறது. காரணம் எது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடைப்பது கடினம்.

ஈசிஜி விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் குழப்பமே அங்கிருந்துதான் தொடங்கியது. நியூ ஆர்லியன்ஸில் இருந்த ஜார்ஜ் பர்ச்சும் உடனிருந்தவர்களும் 1954-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். மூளைப் பக்கவாதமும் ரத்தக்கசிவும் வந்தவர்களின் ஈசிஜியில் டி அலை (ஒவ்வொரு துடிப்பின் முடிவிலும் வரும் மேடு) அகலமாகவும் ஆழமாகவும் தலைகீழாகிறது, க்யூடி இடைவெளி (துடிப்பின் தொடக்கத்திலிருந்து டி அலை முடியும் வரையிலான நேரம்) நீள்கிறது, டி அலைக்குப் பின் வரும் யூ அலையும் எழுகிறது என்பது அவர்கள் கண்டது. இன்றும் அந்த ஆழமான, தலைகீழான டி அலையைப் பார்த்தால் அனுபவமுள்ள இதய மருத்துவர்கள் “தலைக்கு சிடி எடுத்தீர்களா?” என்று கேட்பார்கள். ஆனால் எல்லா ஈசிஜியும் இப்படி முகவரி எழுதிக்கொண்டு வருவதில்லை. சிலருக்கு டி அலைக்குச் சற்று முன்னால் உள்ள எஸ்டி பகுதி மேலேறி, அசல் ஹார்ட் அட்டாக்கின் ஈசிஜியாகவே தெரியும். இந்த ரத்தக்கசிவு வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏதோ ஒரு ஈசிஜி மாற்றம் இருக்கும். எனவே முதலில் ஈசிஜி பார்த்து அட்டாக் என்று சொன்ன மருத்துவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் காகிதம் மட்டும் கையில் இருந்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

பர்ச்சின் கட்டுரைக்குப் பிறகு கொஞ்ச காலம், ஈசிஜிதான் மாறுகிறது, இதயத்துக்கு உண்மையில் ஒன்றும் ஆவதில்லை என்ற எண்ணம் இருந்தது. 1960-களில் உடற்கூறு ஆய்வுகளில் தசைக் காயங்கள் தெரிந்த பிறகு அது மாறியது. “இதயத்தில் ஒன்றுமே இல்லை” என்று உங்களிடம் சொன்னவர் அந்தப் பழைய எண்ணத்தைச் சொல்லியிருக்கலாம். அல்லது, அடைப்பு இல்லை என்பதைத்தான் அப்படிச் சுருக்கிச் சொல்லியிருக்கலாம்.

அப்புறம் ட்ரோபோனின். இதயத் தசை காயப்பட்டால் ரத்தத்தில் கசியும் புரதம் இது. மூளை ரத்தக்கசிவு வந்தவர்களில் மூன்றில் ஒருவர் அளவுக்கு இது ஏறுகிறது. ஆனால் ஏறும் அளவைப் பார்க்க வேண்டும். அடைப்பால் பம்பிங் 30-க்கு இறங்கியிருந்தால், அவ்வளவு தசை செத்திருக்க வேண்டும், ட்ரோபோனின் வானத்தைத் தொட்டிருக்கும். இங்கே பம்பிங் மோசமாக இருக்கும், ட்ரோபோனின் மட்டும் சுமாராகத்தான் ஏறியிருக்கும். இரண்டுக்கும் கணக்கு இடிக்கிறது என்பதே நல்ல செய்தி: தசை சாகவில்லை, துவண்டிருக்கிறது. உங்கள் அம்மாவின் டிஸ்சார்ஜ் அறிக்கையில் அந்த எண்கள் இருக்கும், பாருங்கள்.

எக்கோவிலும் இதே கதை வேறு விதத்தில் தெரியும். இதயத்துக்கு ரத்தம் தரும் குழாய்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு எல்லை உண்டு. அடைப்பென்றால் பாதிப்பு அந்த எல்லைக்குள் நிற்கும். மூளை ரத்தக்கசிவில் துவண்ட பகுதி இரண்டு மூன்று குழாய்களின் எல்லைகளைத் தாண்டிப் பரவியிருக்கும். இதயத்தின் அடிப்பகுதியும் நடுப்பகுதியும் அசையாமல் நிற்க, நுனி மட்டும் நன்றாகச் சுருங்குவதை அடிக்கடி பார்க்கிறோம். நரம்பு முனைகள் அடிப்பகுதியில் அடர்த்தி, நுனியில் குறைவு என்பதோடு இது ஒத்துப்போகிறது. சிலருக்கு நேர்மாறாக நுனி ஊதிக்கொண்டு மற்ற பகுதி சுருங்கும். ஜப்பானிய மருத்துவர்கள் 1990-ல் டகோட்சுபோ என்று பெயரிட்ட நிலை அது. கணவரையோ பிள்ளையையோ திடீரென்று இழந்தவர்களுக்கு, குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, நெஞ்சுவலியோடு வருமே, அதே நிலை. துக்கத்தாலும் வரலாம், அன்யூரிசம் வெடித்தும் வரலாம். இரண்டிலும் இதயத்தை வந்தடைவது ஒரே வெள்ளம்தான். அன்யூரிசம் வெடிப்பதும் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம், அதுவும் ஐம்பது வயதையொட்டி. உங்கள் அம்மாவின் வயதும் அதற்குப் பொருந்துகிறது.

யாருக்கு இதயம் அதிகம் அடிபடும் என்றால், ரத்தக்கசிவு எவ்வளவு மோசமோ அவ்வளவு. மயக்கம் தெளியாமல் வருபவர்களுக்கு வாய்ப்பு அதிகம். தலைவலியோடு நடந்து வருபவர்களுக்குக் குறைவு. இதயம் பாதிக்கப்பட்டவர்களுக்கு மொத்தத்தில் பிழைப்பதற்கான வாய்ப்பும் கொஞ்சம் குறைவாகவே இருக்கிறது. உங்கள் அம்மா பம்பிங் 30-ல் இருந்து இங்கே வந்து சேர்ந்தது சின்ன விஷயம் இல்லை.

நுரையீரலையும் சொல்ல வேண்டும், நிறையப் பேர் அதில்தான் தடுமாறுகிறார்கள். அட்ரினலின் வெள்ளத்தில் உடம்பின் ரத்தக்குழாய்கள் இறுகிவிட, துவண்ட இதயம் அந்த எதிர்ப்பைத் தள்ள முடியாமல் பின்வாங்கும். ரத்தம் நுரையீரலில் தேங்கும். நுரையீரலின் நுண்குழாய்களும் அந்த அழுத்தத்தில் கசிய ஆரம்பிக்கும். சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் மூச்சுத்திணறல், வாயில் இளஞ்சிவப்பு நுரை, ஆக்சிஜன் இறக்கம். எக்ஸ்ரேயில் நுரையீரல் வெள்ளையாகத் தெரியும். மயங்கி விழுந்தபோது வாந்தி நுரையீரலுக்குள் போய் நிமோனியா வந்துவிட்டது என்று பலமுறை நினைக்கப்படும், சில சமயம் அதுவும் கூடவே இருக்கும். வென்டிலேட்டர் தேவைப்படலாம். நல்ல விஷயம், நரம்பால் வந்த நுரையீரல் நீர் என்றால் பெரும்பாலும் ஓரிரு நாளில் வடியத் தொடங்கிவிடும்.

துடிப்பின் தாளமும் கெடும். வேகமாகவோ மெதுவாகவோ துடிப்பது சாதாரணம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிப்பது, வருவதுண்டு. நாங்கள் அதிகம் பயப்படுவது க்யூடி நீண்டவர்களுக்கு வரக்கூடிய டோர்சாட் என்ற வகைத் துடிப்புக் கோளாறை. அரிதுதான், ஆனால் உயிரை எடுக்கும். பொட்டாசியமும் மெக்னீசியமும் குறைந்தால் வாய்ப்பு கூடும், இந்த நோயாளிகளுக்கு இரண்டும் அடிக்கடி குறையும். அதோடு வாந்திக்குக் கொடுக்கும் ஆன்டான்செட்ரான், கலக்கத்துக்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால், அசித்ரோமைசின், லீவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் என்று சர்வசாதாரணமாக எழுதப்படும் மருந்துகளே க்யூடியை இன்னும் நீட்டும். ஐசியூவில் தினமும் ஈசிஜி எடுத்து, ரத்தத்தில் உப்புகளைப் பார்த்துக்கொண்டே இருந்தது ஏன் என்று உங்களுக்கு இப்போது புரியும்.

நான் இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு உண்மையான காரணம் அடுத்து வருவது.

ஹார்ட் அட்டாக் என்றால் முதல் வைத்தியம் ரத்தம் உறையாமல் செய்வது: ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், ஹெப்பாரின். கேத் லேப், அதாவது ஆஞ்சியோ செய்யும் வசதி, இல்லாத ஊர்களில் ரத்தக்கட்டியைக் கரைக்க ஸ்ட்ரெப்டோகைனேஸோ டெனெக்டிப்ளேஸோ ஊசியாகப் போடுவார்கள். அடைப்புக்கு இவை உயிர்காக்கும் மருந்துகள். வெடித்த அன்யூரிசத்துக்கு இவை கொலை மருந்துகள். வெடித்த இடத்தை அடைத்து நிற்பது ஒரு சின்ன ரத்தக்கட்டிதான். அதைக் கரைத்துவிட்டால் மறுபடி கசியும், இரண்டாவது கசிவில் பிழைப்பவர்கள் குறைவு. ஈசிஜியை மட்டும் பார்த்து, நோயாளி எதைப் பிடித்துக்கொண்டு விழுந்தார் என்று கேட்காமல் ஊசி போட்டால் இதுதான் நடக்கும்.

எனவே யாராவது மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் அட்டாக் என்று சொன்னால், விழுவதற்கு முன் தலைவலி என்றாரா, நெஞ்சுவலி என்றாரா என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். “தலையில் இடி விழுந்த மாதிரி” என்று நோயாளிகள் சொல்வது இந்தத் தலைவலியைத்தான்: ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும், வாழ்நாளில் அப்படி வந்திருக்காது, வாந்தி வரும், சில மணி நேரத்தில் கழுத்து விறைக்கும். சிலருக்குப் பெரிய வெடிப்புக்குச் சில நாட்களுக்கு முன் சிறு கசிவால் இதேபோல் ஒரு தலைவலி வந்து போயிருக்கும். பித்தம், மைக்ரேன், வெயிலில் போனது என்று விட்டுவிடுவார்கள். தலைவலி தொடங்கி ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கும் சிடி இந்த ரத்தத்தைத் தவறவிடுவது மிக மிக அரிது. நேரம் கடந்துவிட்டால் சிடி சுத்தமாக இருந்தாலும் முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்க்க வேண்டிவரும், அல்லது ரத்தக்குழாய்களுக்கான சிடி ஆஞ்சியோ.

அடுத்த சிக்கல் ஐசியூவில். மூளைக்கும் இதயத்துக்கும் தேவைப்படுவது அடிக்கடி ஒன்றுக்கொன்று எதிரானது. அன்யூரிசத்தை அடைக்கும் வரை பிபி ஏறக்கூடாது, மேல் எண் 160-க்குள் இருக்கும்படி பொதுவாகப் பார்த்துக்கொள்வோம். அடைத்த பிறகு நிலைமை தலைகீழ். நான்காவது நாளிலிருந்து இரண்டு வாரம் வரை, சிந்திய ரத்தம் சிதையச் சிதைய, மூளைக் குழாய்கள் இறுகும், மூளையின் சில பகுதிகளுக்கு ரத்தம் குறையும். அப்போது மூளைக்கு ரத்தம் போகப் பிபியை ஏற்ற வேண்டும். பம்பிங் 30-ல் இருக்கும் இதயத்தை வைத்துக்கொண்டு எப்படி ஏற்றுவது? இதற்கிடையே குழாய் இறுக்கத்தின் தீங்கைக் குறைக்க நிமோடிபின் 60 மில்லிகிராம், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, 21 நாள் கொடுக்கிறோம். அது பிபியை இறக்கும்.

முன்பெல்லாம் ரத்தக்குழாய் வழியாக நிறைய நீர் ஏற்றிப் பிபியைத் தூக்கினார்கள். துவண்ட இதயம் உள்ளவருக்கு அது நேராக நுரையீரலில் போய்த் தேங்கியது. இன்று நீரைச் சரியான அளவில் மட்டும் வைத்து, தேவைப்பட்டால் நார்அட்ரினலின், அல்லது இதயத்தைச் சுருங்கத் தூண்டும் மில்ரினோன், டோப்யூட்டமைன் போன்றவற்றைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து நடத்துகிறோம். அட்ரினலின் வெள்ளத்தில் அடிபட்ட இதயத்துக்கே மறுபடி அதே இனத்து மருந்தா என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி. மூளைக்கு ரத்தம் போயாக வேண்டும் என்பதால்தான் கொடுக்கிறோம், குறைந்தபட்ச அளவில், எக்கோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு. “நேற்று பிபி கூடாது என்றார்கள், இன்று ஏற்றுகிறார்கள், இவர்களுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை” என்று வெளியே காத்திருக்கும் குடும்பங்கள் வருந்துவதைக் கேட்டிருக்கிறேன். உத்தரவு மாறியதற்குக் காரணம் நோயின் கட்டம் மாறியது. அதைக் குடும்பத்தினரிடம் உட்கார்ந்து விளக்க வேண்டியது எங்கள் கடமை. பல இடங்களில் அது நடப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

இதயம் பலவீனமாக இருக்கிறது என்பதற்காக அன்யூரிசத்தை அடைப்பதைத் தள்ளிப்போடலாமா என்றும் கேட்பார்கள். முடிந்தவரை கூடாது. மறுகசிவின் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் உச்சம். இதயம் தானாகத் தேறிவரும், அதற்கு நாள் வேண்டும். வெடித்த குழாய் அவ்வளவு நாள் பொறுக்காது. உங்கள் அம்மாவுக்கு அந்தப் பம்பிங்கிலேயே காயில் வைத்தது துணிச்சல் போலத் தெரிந்திருக்கும். அதுதான் சரியான முடிவு. தொடை அல்லது மணிக்கட்டு வழியாகச் செல்லும் காயில், மண்டையைத் திறந்து க்ளிப் போடுவதைவிட இப்படிப்பட்ட இதயத்துக்குப் பெரும்பாலும் எளிது, ஆனால் எல்லா அன்யூரிசத்தின் வடிவமும் காயிலுக்கு ஒத்துவராது.

இதய ஆஞ்சியோ அவசியமாக இருந்ததா? உங்கள் அம்மாவின் விஷயத்தில் செய்தது புரிகிறது. எல்லோருக்கும் வேண்டியதில்லை. ஈசிஜி, ட்ரோபோனின், எக்கோ மூன்றும் சேர்ந்து நரம்பு வழி வந்த பாதிப்பைக் காட்டினால் பொறுத்திருந்து இரண்டாவது எக்கோ பார்க்கலாம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. சர்க்கரை, பிபி, புகைப்பழக்கம் உள்ள ஒருவருக்கு மூளையில் அன்யூரிசமும் இதயத்தில் அடைப்பும் இரண்டும் இருக்கலாம். ரத்தக்கசிவின் அதிர்ச்சியே பழைய அடைப்பைக் கிளப்பிவிடலாம். பாதிப்பு ஒரே குழாயின் எல்லைக்குள் நின்றாலோ, ட்ரோபோனின் ஏறிக்கொண்டே போனாலோ, இரண்டு வாரத்தில் பம்பிங் மீளாவிட்டாலோ, அப்போது ஆஞ்சியோ கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.

உங்கள் கடைசிக் கேள்வி, மறுபடி வருமா. இதயத்தைத் தாக்கியது அன்யூரிசம் வெடித்ததால் வந்த நரம்பு வெள்ளம். அன்யூரிசம் அடைபட்டே இருந்தால் அந்த வெள்ளத்துக்குக் காரணம் இல்லை. எனவே கவனம் மூளையின் மேல் இருக்கட்டும். காயில் வைத்த இடம் நாளடைவில் கொஞ்சம் திறந்துகொள்வதுண்டு. பெரும்பாலும் ஆறு மாதம் வாக்கில் ஒருமுறையும், அதன்பின் மருத்துவர் சொல்லும் இடைவெளியிலும் மூளை ஆஞ்சியோ அல்லது எம்ஆர் ஆஞ்சியோ பார்ப்பார்கள். வலியோ வேறு எந்தத் தொந்தரவோ இல்லை என்பதற்காக அதைத் தவறவிடாதீர்கள். பிபியைக் கட்டுக்குள் வைப்பது, வீட்டில் யாராவது புகைப்பவராக இருந்தால் நிறுத்துவது, இவை இரண்டும்தான் நம் கையில் உள்ளவற்றில் பெரியவை.

மாத்திரைகள் பற்றி. பம்பிங் 55-க்கு வந்துவிட்டதால் இதயத்துக்கான மாத்திரைகளை வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டிய அவசியம் பலருக்கும் இருப்பதில்லை. ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். பிபிக்காகவே அதில் ஒன்று தொடர வேண்டியிருக்கலாம். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் கொடுத்திருந்தால் எதற்காக என்று கேளுங்கள். காயிலோடு மூளைக் குழாயில் ஸ்டென்டும் வைத்திருந்தால் அந்த மாத்திரைகள் ஸ்டென்டுக்காக, அதை ஒருநாள் விட்டால்கூட ஆபத்து. ஸ்டென்ட் இல்லாமல், “அட்டாக்” என்று தொடங்கிய மாத்திரை அப்படியே ஓடிக்கொண்டிருந்தால், அதை மறுபரிசீலனை செய்ய வேண்டும். நரம்பியல் மருத்துவரும் இதய மருத்துவரும் தனித்தனியாக எழுதிய சீட்டுகளில் இந்தக் குழப்பம் நிறைய நடக்கிறது. இரண்டு சீட்டையும் ஒரே மேஜையில் வைத்து ஒருவரிடம் காட்டுங்கள்.

மூன்று மாதம் வாக்கில் இன்னொரு எக்கோ எடுத்துவிடுங்கள், முழுதாகத் தேறியது பதிவாகிவிடும். இப்போதைய ஈசிஜியின் நகலையும் வீட்டில் வைத்திருங்கள். டி அலை தலைகீழாக இருப்பது சிலருக்குச் சில வாரங்கள் வரை தொடரும், அடுத்த முறை வேறு எதற்காவது ஆஸ்பத்திரி போகும்போது அதைப் பார்த்து மறுபடி பதற வேண்டியிருக்காது. இதய மருத்துவரின் அறிக்கையில் “ஹார்ட் அட்டாக்” என்றே இருந்தால், அதைத் திருத்தி, மூளை ரத்தக்கசிவால் வந்த தற்காலிக இதயத் தசைப் பாதிப்பு என்று எழுதித் தரும்படி கேளுங்கள். காப்பீட்டுக்கும் பின்னாளைய சிகிச்சைக்கும் அந்த ஒரு வரி பெரிய வித்தியாசம் செய்யும்.

நீங்களும் உங்கள் கூடப்பிறந்தவர்களும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா என்பதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். குடும்பத்தில் அம்மா ஒருவருக்கு மட்டும் என்றால் எல்லோருக்கும் ஸ்கேன் எடுக்கச் சொல்வது வழக்கம் இல்லை. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் என்ற வட்டத்தில் இரண்டு பேருக்கு அன்யூரிசமோ இந்த ரத்தக்கசிவோ இருந்தால், அல்லது குடும்பத்தில் சிறுநீரகத்தில் நிறைய நீர்க்கட்டிகள் வரும் பரம்பரை நோய் இருந்தால், எம்ஆர் ஆஞ்சியோ எடுத்துப் பார்க்கலாம். அம்மாவின் அக்கா தங்கைகளில் யாராவது “திடீரென்று தலைவலி வந்து போய்விட்டார்” என்று பேச்சு இருந்தால் அதை விசாரித்து, அம்மாவின் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.